சைகோன் கணக்கு

இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் உள்ள உறவைப் பற்றி எந்தத் தூதர் மேடையேறினாலும், அடுத்து என்ன வரும் என்று நாமே சொல்லிவிடலாம். முதலில் பழங்கால வியட்நாமின் சம்பா அரசு, அதன் மீ சன் கோயில்கள், அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்ட சிவலிங்கம். அப்புறம் புத்தர். அங்கிருந்து ஒரே தாவல், 1954-க்கு வந்துவிடுவார்கள். ஹனோயில் நேருவை ஹோ சி மின் வரவேற்ற கதை. பிறகு எண்ணெய் வயல், போர்க்கப்பல், நேரடி விமானம், நன்றி, வணக்கம்.

அந்தத் தாவலில் கிட்டத்தட்ட நூறு வருஷம் காணாமல் போகிறது. அந்த நூறு வருஷத்தில்தான் ஊரும் பேரும் விலாசமும் உள்ள தமிழர்கள் அங்கே போய்க் கடை வைத்தார்கள், கடன் கொடுத்தார்கள், கோயில் கட்டினார்கள், வழக்காடினார்கள், கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அதில் கணிசமானவர்கள் எங்கள் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். அதை மேடையில் சொல்ல டெல்லிக்குக் கூச்சம். வட்டிக்கடை வைத்த கதையை நட்புறவு விழாவில் யார் பேசுவார்கள்? வியட்நாமுக்கு அது பிரெஞ்சு ஆட்சிக்காலக் கசப்புகளில் ஒன்று. செட்டிநாட்டிலோ, கடல் கடந்த கதை என்றாலே பர்மாதான். பர்மா தேக்கு, பர்மா பங்களா, பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதை. சைகோன், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரம், என்று சொன்னால் "ஆமா, அங்கயும் நம்ம ஆளுக இருந்தாக" என்பதோடு முடிந்துவிடும்.

எனக்கு இதில் ஈடுபாடு வந்ததற்கு என் தாத்தா காரணம். நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. தாத்தா ஒரு செட்டியார் வீட்டுச் சமையலாளாகச் சைகோனுக்குப் போனவர். அவருக்கு வட்டியும் தெரியாது, வரவு செலவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சோறு. "அங்கெ அரிசிக்குப் பஞ்சமே இல்ல, ஆனா எல்லாம் பச்சரிசி. செட்டியாருக்குப் புழுங்கலரிசிச் சோறுதான் இறங்கும். நெல்லை வாங்கி நாங்களே அவிச்சுக் காயப்போடுவோம்" என்பார். உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த ஊரில், கிட்டங்கி முற்றத்தில் நெல்லை அவித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். எனக்குச் சைகோன் அப்படித்தான் அறிமுகம்.

கிட்டங்கி என்பது இங்கே பலருக்குக் காதில் விழுந்த சொல்தான். ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் தரையில் பாய் விரித்து ஒரு கடை. அதாவது ஒரு விலாசம்; வட்டித்தொழில் நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. மேலாள் நடுவில், அடுத்தாள் பக்கத்தில், ஓடியாட ஒரு பெட்டியடிப் பையன். பகலில் அது கடை, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. பெண்கள் கிடையாது. மூன்று வருஷம் ஒரு கணக்கு; கணக்கு முடிந்து ஊருக்கு வந்து, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி போவார்கள். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர்கள் ஏராளம். செட்டிநாட்டு வீடுகளின் அகலமான வளவையும் இரண்டாம் கட்டையும் பார்த்து வியப்பவர்கள், அதைக் கட்டிய ஆண்கள் வாழ்க்கையின் பாதியை ஒரு பாயகல இடத்தில் கழித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பர்மாவோடு ஒப்பிட்டால் சைகோன் சின்னது. 1930-ஐ ஒட்டி நடந்த வங்கித் தொழில் விசாரணைகளின்போது, நகரத்தாரின் முதலீடு எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மதிப்பீடு போட்டார்கள். பர்மாவில் 75 கோடி ரூபாய், மலாய் நாட்டில் 25 கோடி, இலங்கையில் 14 கோடி, கொச்சின்சீனாவில் 5 கோடி. கொச்சின்சீனா என்பது சைகோனைத் தலைநகராகக் கொண்ட தெற்கு வியட்நாம். சென்னை மாகாணத்துக்குள்ளேயே அவர்கள் போட்டிருந்தது வெறும் ஒரு கோடி என்றது அதே கணக்கு. ஆக, சொந்த மாகாணத்தில் இருந்ததைப்போல ஐந்து மடங்கு பணம், மொழி தெரியாத, பிரெஞ்சுக்காரன் ஆளுகிற, கப்பலில் பல நாள் தள்ளியிருக்கிற ஒரு டெல்டாவில் கிடந்தது. 1930-ல் 5 கோடி என்பதைச் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்மா பக்கத்தில் வைத்தால்தான் அப்படித் தெரிகிறது.

அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? 1859-ல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. 1862 ஒப்பந்தத்தில் கிழக்கே மூன்று மாகாணம், 1867-ல் மேற்கே மூன்று. மெக்காங் டெல்டாவில் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். சதுப்பு நிலம் வயலானது. 1880-ல் 5 லட்சம் ஹெக்டேரை ஒட்டியிருந்த நெல் சாகுபடி 1930-களில் 20 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. காடு திருத்த, மாடு வாங்க, விதை நெல்லுக்கு, அறுவடை வரை சாப்பாட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பிரெஞ்சு வங்கிகள் பெரிய கைகளோடு மட்டும்தான் பேசும். 1875-ல் தொடங்கிய இந்தோசீனா வங்கிக்கு முதலில் அமைந்த கிளைகள் எவை தெரியுமா? சைகோனும் புதுச்சேரியும். நம்ம ஊர் ரூபாய்க்கும் அந்த ஊர் பியாஸ்தருக்கும் ஒரே வங்கி நோட்டு அடித்தது. இரு நாட்டு உறவு என்று பேசும்போது இதைவிட நேரடியான இணைப்பு எனக்குத் தோன்றவில்லை. எந்த மேடையிலும் இதை நான் கேட்டதும் இல்லை.

அந்த வங்கிக்கும் விவசாயிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் செட்டியார் உட்கார்ந்தார். அவரும் நேரடியாகக் குடியானவனுக்குக் கொடுத்தது குறைவு. சைகோனிலும் அதை ஒட்டிய சோலோனிலும் இருந்த சீன வியாபாரிகள், டெல்டாவின் வியட்நாமிய நிலக்கிழார்கள், சம்பளம் போதாத அலுவலர்கள் இவர்கள்தான் வாடிக்கை. நிலக்கிழார் அவரிடம் வாங்கித் தன் குத்தகைதாரனுக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பார். விளைச்சலில் பாதி ஏற்கெனவே குத்தகைக்குப் போய்விடும். இந்த ஏணியின் கடைசிப் படியில் இருந்தவனுக்குச் செட்டியாரைத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. ஆனாலும் கோபம் வந்தபோது கண்ணுக்குத் தெரிந்த முகம் செட்டியாருடையது. பெரும் பணக்கார உள்ளூர் நிலக்கிழாரும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்த பிரெஞ்சு வங்கியும் தப்பித்துக்கொண்டன. இதைச் சொல்வது செட்டியார்களுக்கு வக்காலத்து வாங்க அல்ல. அவர்கள் தர்மத்துக்குக் கடன் கொடுக்கப் போகவில்லை, வட்டி இலேசானதும் அல்ல.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. சைகோனில் இரண்டு விதத் தமிழர்கள் இருந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள். 1881 ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு, பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து வாக்களிக்கும் உரிமை இருந்தது. காவல்துறை, வரி வசூல், அலுவலக எழுத்து வேலை என்று அரசாங்கத்துக்குள் இருந்தார்கள். செட்டியார்களோ பிரிட்டிஷ் குடிகள். அவர்களுக்கு ஒரு தொல்லை என்றால் போக வேண்டிய இடம் சைகோனிலிருந்த பிரிட்டிஷ் கான்சல் அலுவலகம். காரைக்காலிலிருந்து காரைக்குடிக்கு ஒரு பகல் பயணம்கூட இல்லை. சைகோன் போனதும் ஒருவர் ஆளும் தரப்பு, மற்றவர் அந்நியர். வரி கேட்டு வந்தவரும் தமிழ், கட்டியவரும் தமிழ். இவர்களுக்கு நடுவே துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் வேறு. சைகோன் நடுநகரில் 1935-ல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது.

கண்டனூரில் ஒரு ஆச்சி வீட்டில்தான் சைகோன் கணக்குப் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் தாத்தா வேலை பார்த்த வீடு அது இல்லை, வேறு விலாசம். ஆச்சியின் மாமனார் சைகோனில் இருந்தவர். முகப்பில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாருங்க தம்பி. எலி கடிச்சது போக மிச்சம். எங்க மாமா மூணு கணக்கு இருந்தாக அங்கெ. நாலாவதுக்குப் போறேன்னு நின்னாக, எங்க அயித்தெ விடல."

"ஏன் ஆச்சி, விடல?"

"பணம் வரல, மனுசராச்சும் இருக்கட்டும்னுட்டாக."

பேரேட்டின் மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் வருஷப் பெயர், மாதம், தேதி. இலக்கங்கள் எல்லாம் தமிழ் எண்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. கடன்காரர் பெயர்கள்தான் வேடிக்கை: சீனப் பெயர்களையும் வியட்நாமியப் பெயர்களையும் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார்கள். ஒரே ஆள் பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதம். அடையாளத்துக்குப் பக்கத்திலேயே "ஆலைக்காரர்", "காது கேளாதவர்" என்று குறிப்பு. ஒரு பக்கத்தில் மை கொட்டி, அதன் மேல் மணல் தூவி உறிஞ்சவிட்ட தடம்; விரலால் தடவினால் இன்னும் நறநறவென்றது. கோயிலுக்கான மகமை தனிப் பற்றாக, ஒரு மாதமும் தவறாமல்.

பிரமோதூத வருஷத்துக்கு வந்ததும் கணக்கின் நடை மாறுகிறது. அது 1930-31. அதுவரை பக்கத்துக்குப் பக்கம் வசூல் நிறைந்திருக்கிறது. அப்புறம் வட்டி மட்டும் ஏறுகிறது, அசல் அசையவில்லை. அடுத்த பிரஜோற்பத்தியில் வட்டியும் வரவில்லை. "நிலுவை", "நிலுவை", "நிலுவை".

அந்த ஆண்டில் நடந்தது இரண்டு. ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெருமந்தம். சைகோன் அரிசி விலை சில வருஷத்தில் பாதிக்கும் கீழே போனது. மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. அதுவரை வெள்ளியை அடிப்படையாகக் கொண்டிருந்த பியாஸ்தரை, 1930 மே மாதம் பிரெஞ்சு அரசு தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட பிராங்கோடு கட்டியது. ஒரு பியாஸ்தருக்குப் பத்துப் பிராங்க். இந்தியாவின் ரூபாயோ பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1931-ல் பவுண்டு தங்கத்தைக் கைவிட்டபோது ரூபாயும் கூடவே இறங்கியது. காகிதத்தில் பார்த்தால் செட்டியாருக்குக் கொள்ளை லாபம். சைகோனில் வரவேண்டிய ஒவ்வொரு பியாஸ்தருக்கும் இப்போது அதிக ரூபாய். ஆனால் அதே காரணத்தால் விவசாயியின் கடன் கனத்துவிட்டது. நெல்லுக்கு விலை இல்லை, கட்ட வேண்டிய பணத்துக்கு மதிப்பு ஏறுகிறது. வசூலாகாத லாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடமானம் மூழ்கியது, நிலம் கைக்கு வந்தது. வட்டிக்கடைக்காரர் நெல் வயலை வைத்து மாரடிக்க வேண்டிய நிலை. பர்மாவிலும் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே 1930-ல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. பட்டியலில் இருந்த ஒவ்வொரு ஏக்கரும் ஒரு பகை.

அந்த பியாஸ்தர் வெள்ளி நாணயம் இன்றைக்கும் காரைக்குடியில் கிடைக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, "அமெரிக்க டாலர் சார், சுதந்திரதேவி உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றார். தலையில் கதிர்க் கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது உண்மைதான். திருப்பிக் காட்டினேன். பிரெஞ்சு இந்தோசீனா என்று பிரெஞ்சில் எழுதி, அடியில் எடை 27 கிராம், தரம் 900 என்று நாணயமே சொல்கிறது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப வெளிநாட்டுக் காசுதானே சார்" என்று அதே விலையில் நின்றார். எத்தனை வீட்டில் இது தட்டானிடம் போய்க் கொலுசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1945-க்கு வருவோம். இது இரண்டு நாட்டு மேடைகளும் சேர்ந்தே மறக்கிற ஆண்டு. ஆகஸ்ட் 17 அன்று சுபாஷ் சந்திர போஸ் சைகோனிலிருந்துதான் தன் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பினார். இது ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் அதே சைகோனில் வந்து இறங்கியது இந்தியப் படை என்பது அந்த அளவுக்குத் தெரியாது. ஜெனரல் கிரேசியின் தலைமையில் 20-ஆம் இந்திய டிவிஷன். சரணடைந்த ஜப்பானியரின் ஆயுதத்தைக் களைவதுதான் வேலை என்று சொல்லி வந்தார்கள். வந்த சில நாளில், செப்டம்பர் 23 அன்று, பிரெஞ்சுக்காரர்கள் நகரின் அரசு அலுவலகங்களை மறுபடி கைப்பற்ற அந்தப் படை வழிவிட்டது. பிறகு ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட் மின்னோடு சண்டையும் போட்டது. ஹோ சி மின் சுதந்திரம் அறிவித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இந்தியச் சிப்பாயை இன்னொரு நாட்டின் விடுதலைக்கு எதிராக நிறுத்தியதை நேரு அப்போதே கடுமையாகக் கண்டித்தார். ஆனால் உத்தரவு போட்டது லண்டன். சுட்டது நம் ஆள். ஒன்பது வருஷம் கழித்து நேரு ஹனோய் போனபோது அந்த மனிதர்களுக்கு இது நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்? ஹோ சி மின் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்றால், அது அவருடைய ராஜதந்திரம்.

1954 அக்டோபர் 17 அன்று நேரு ஹனோய் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தை விட்டுப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பே, நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்து ஜூலையில் கையெழுத்தான ஜெனீவா உடன்பாட்டின்படி, சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைமை இந்தியாவுக்கு வந்துவிட்டது. கூட இருந்தவை கனடாவும் போலந்தும். ஒன்று அமெரிக்கப் பக்கம், மற்றது சோவியத் பக்கம், நடுவில் நாம். 1957-ல் தெற்கின் அதிபர் தியெம் டெல்லிக்கு வந்தார், 1958 பிப்ரவரியில் ஹோ சி மின் வந்தார். இருவருக்கும் வரவேற்பு. ராஜேந்திர பிரசாத் 1959-ல் அங்கே போனபோது கொடுத்த போதிமரக் கன்று, ஹனோயின் ட்ரான் குவாக் பகோடாவில் பெரிய மரமாக நிற்கிறது.

நடுவில் உட்காருவது லேசான காரியமில்லை. 1962-ல் இந்தியாவும் கனடாவும் சேர்ந்து, தெற்கில் நடக்கும் ஊடுருவலுக்கு வடக்கைக் குறை சொல்லி அறிக்கை கொடுத்தன. போலந்து கையெழுத்துப் போடவில்லை. ஹனோய் முகம் சுளித்தது. பத்து வருஷம் கழித்து, 1972 ஜனவரி 7 அன்று ஹனோயோடு தூதரக உறவை முழு அளவுக்கு உயர்த்தினோம். இப்போது சைகோன் முகம் சுளித்து, ஆணையத்தின் இந்தியர்களுக்கு விசா கொடுக்க மறுத்தது. இத்தனை காய் நகர்த்தலிலும் சைகோனில் மிச்சமிருந்த தமிழர்களின் கதி என்ன என்பது எந்த அளவுக்குக் கணக்கில் வந்திருக்கும் என்பது என் சந்தேகம். பெரிய விலாசங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே கடையைக் கட்டிவிட்டன. கோயில் சொத்து, வாடகை வீடு, சின்னக் கடை என்று கொஞ்சம் பேர் தங்கியிருந்தார்கள். அங்கேயே கல்யாணம் செய்து குழந்தை குட்டி பெற்றவர்களும் உண்டு. 1975 ஏப்ரல் 30 வந்தது, சைகோன் வடக்கின் கைக்குப் போனது. 1978 மார்ச்சில் தெற்கின் தனியார் வியாபாரத்தை ஒரே அடியாக மூடினார்கள். பலர் இந்தியாவுக்கு வந்தார்கள், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தவர்கள் பாரிஸ் போனார்கள்.

விசித்திரம் என்னவென்றால், நம்மவர்கள் வெளியேறிய அதே வருஷங்களில்தான் இரண்டு அரசுகளும் மிக நெருங்கின. 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியபோது நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் இருந்தார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். 1980-ல் உலகின் பெரும்பாலான நாடுகள் எதிர்த்து நின்றபோது, வியட்நாம் ஆதரவில் அமைந்த கம்போடிய அரசை இந்தியா அங்கீகரித்தது. 1988 முதல் நம் அரசு எண்ணெய் நிறுவனம் வியட்நாம் கடலில் இருக்கிறது. 2016-ல் உறவுக்கு மிக உயர்ந்த பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். 2023-ல் 'கிர்பான்' போர்க்கப்பலையே இனாமாகக் கொடுத்தோம். இவ்வளவும் டெல்லி ஹனோய் விவகாரம். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

சம்பா விஷயத்தில்தான் கொஞ்சம் எரிச்சல். மீ சன் அருமையான இடம். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்த பெருங்கோபுரம் போக மிஞ்சியதை நம் தொல்லியல் துறை பொறுமையாகச் சீர்செய்தது. 2020 மே மாதம் அங்கே ஒரே கல்லாலான 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் கிடைத்ததும் உண்மை. ஆனால் அதைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவரும்போது ராஜராஜன் கப்பல் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார். ந்யா சாங் பக்கத்தில் கிடைத்த வோ கான் கல்வெட்டு சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அதில் ஸ்ரீமாரன் என்று ஒரு பெயர் வருகிறது. உடனே அது திருமாறன், ஆகவே பாண்டியன், ஆகவே வியட்நாமை ஆண்டது தமிழன் என்று வாட்ஸ்அப்பில் மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு பெயரை வைத்து ஒரு சாம்ராஜ்யம். கையில் பேரேடு இருக்கிற நூறு வருஷத்தை எலிக்கு விட்டுவிட்டு, ஆதாரம் இல்லாத ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மார் தட்டுவதில் என்ன சுகமோ.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் விட்ட பிறகு நானும் போய்ப் பார்த்தேன். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரம்தான். தாத்தா மலாய்க் கடல் சுற்றிப் போன ஊருக்கு, ராத்திரி ஏறினால் காலையில் போய்விடலாம். ஆற்றங்கரையில் ஞா ரோங் என்ற பழைய கப்பல் நிறுவனக் கட்டடம் இருக்கிறது, இப்போது ஹோ சி மின் அருங்காட்சியகம். 1911 ஜூனில் அந்தத் துறையிலிருந்துதான் அவர் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் சமையல் உதவியாளாக ஏறிப் போனார். சமையல் வேலைக்கு வந்து இறங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்று அங்கே வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குக் கூட்டிப் போனார்.

தோன் தாட் தியெப் தெருவில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் நம் ஊர் வாசனை. பளபளக்கும் ஓடு பதித்த சுவர், சட்டம் போட்ட சாமி படங்கள், மேலே ஏறிக் கோபுரத்தைப் பார்க்கப் படி. வெளியே இரண்டு பக்கமும் காபிக் கடை. கூட்டம் அங்கே இல்லை, மாரியம்மன் கோயிலில்தான். வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும். கத்தையாக ஊதுபத்தி, பூ, பழம். கருவறைக்குப் பின்பக்கம் கருங்கல் சுவரில் நெற்றியையும் உள்ளங்கையையும் அழுத்தி வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் அலுவலக உடையில் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. சுவரிடம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசிவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வெளியேறினாள். அவளுக்கு இது யார் கட்டிய கோயில் என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேண்டியது நடந்தால் சரி. கடன் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கடன் கொடுத்தவர்களின் அம்மனிடம் வந்து நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டது என் கிறுக்கு.

இப்போது பணம் எதிர்த்திசையில் வருகிறது. வியட்நாமின் வின்பாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை கட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் திறந்துவைத்தார். அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். வியட்நாம் முதலீடு தமிழ்நாட்டு மண்ணில் இறங்குவது பற்றிப் பத்திரிகைகள் எழுதின. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, சட்டம் புதிது, சாப்பாடு புதிது. அவர்களும் தங்கள் சமையலாளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். தமிழர் முதலீடு மெக்காங்குக்குப் போன கதையை அந்தச் சமயத்தில் யாராவது ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

எழுதுவதற்குப் பிரெஞ்சு ஆவணங்கள் இருக்கின்றன, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள குடியேற்ற ஆவணக் காப்பகத்தில். அதில் செட்டியார் ஒரு புகார்ப் பொருள். அவருடைய பக்கத்துக் கதை கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. வீடு பாகம் பிரியும்போது கதவும் தூணும் விலைக்குப் போகும். பேரேடு கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போகும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகப் புத்தகங்களைச் சேர்த்து வைத்ததால்தான் சென்னையில் இன்று அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பேரேடுகளுக்கு அப்படி ஒருவர் இன்னும் அமையவில்லை.

உங்கள் வீட்டில் சைகோன் கணக்கு இருந்தால், கொடுக்க மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை, படமாவது எடுத்து வையுங்கள். முதல் பக்கம் கட்டாயம். விலாசமும் வருஷமும் அதில்தான் இருக்கும். அப்புறம் வருஷக் கடைசியில் போடும் ஐந்தொகைப் பக்கம். மகமைப் பற்று இருந்தால் அதுவும். கண்டனூர் ஆச்சி வீட்டுப் பேரேட்டைப் பிரமோதூத முதல் ஸ்ரீமுக வரை எடுத்துவிட்டேன். மிச்சத்தை, "அடுத்த தடவை வரும்போது எடுங்க தம்பி, வெயில் இறங்கிருச்சு" என்று ஆச்சி பெட்டியை மூடிவிட்டார்.